லேப்டாப் யுஎஸ்பி போர்ட் எதையும் கண்டுகொள்ளவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பென்டிரைவைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்போது பலரும் உடனே செய்வது ட்ரைவர், அதாவது சாதனத்தை இயக்க உதவும் மென்பொருள், தேடுவது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு 'ட்ரைவர் அப்டேட்டர்' மென்பொருளை இறக்கி ஓடவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான ட்ரைவர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில்தான் இருக்கும், அந்த இடத்தை அறிகுறியே காட்டிக் கொடுத்துவிடும்.

அறிகுறியைப் படிக்க வேண்டுமென்றால், செருகிய அந்த ஒரு நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் போர்ட்டிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் போகிறது. மின்சாரம் கிடைத்ததும், செருகப்பட்ட சாதனம் ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டேட்டா கம்பிகள் இரண்டில் ஒன்றின் வோல்டேஜை மேலே இழுக்கிறது. 'ஏதோ வந்திருக்கிறது' என்று லேப்டாப்புக்குத் தெரிவது அப்போதுதான். அடுத்து லேப்டாப் 'நீ யார்' என்று கேட்கிறது. சாதனம் தன் தயாரிப்பாளர் எண், மாடல் எண், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையெல்லாம் பதிலாக அனுப்புகிறது. இந்த அறிமுகக் குறிப்புக்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். அதைப் பார்த்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் சரியான ட்ரைவரை ஏற்றுகிறது. பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் என்றால் கடைசியாக உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பைப் படித்து, விண்டோஸில் (டி, இ போன்ற) ஒரு ட்ரைவ் எழுத்தும் கொடுக்கிறது.

மின்சாரம், வருகை, அறிமுகம், ட்ரைவர், எழுத்து. இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். மின்சாரமே போகாத போர்ட்டுக்கு ட்ரைவர் போட்டு ஒரு பயனும் இல்லை. எழுத்து மட்டும் கிடைக்காத பென்டிரைவுக்காக மதர்போர்டைச் சந்தேகப்படுவதும் வீண்.

எதற்கும் முன்னால்: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். வேலை செய்யாத சாதனத்தை இன்னொரு போர்ட்டில் செருகுங்கள். வேலை செய்யாத போர்ட்டில் வேறொரு சாதனத்தைச் செருகுங்கள். கேபிள் இருந்தால் கேபிளை மாற்றுங்கள். நடுவில் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். முடிந்தால் அதே சாதனத்தை வேறொரு கம்ப்யூட்டரிலும் பாருங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது படுத்துக்கொள்கிறது என்றால் உங்கள் லேப்டாப்பில் பிழை இல்லை. ஒரே போர்ட்டில் மட்டும் எல்லாச் சாதனமும் படுத்துக்கொள்கிறது என்றால் அந்தப் போர்ட்தான். இரண்டு நிமிட வேலை, ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும்.

அப்புறம் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்வது இங்கே போதாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் நிலையும் ட்ரைவர்களின் நிலையும் டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். சிக்கிக்கொண்ட யுஎஸ்பி ட்ரைவரும் சிக்கியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அறிகுறி: ஒலி இல்லை, விளக்கு இல்லை, எந்த அசைவும் இல்லை

முதல் படியே நின்றிருக்கலாம், அதாவது மின்சாரம் போகவில்லை. சோதிக்க எளிய வழி, அடியில் சிவப்பு விளக்கு எரியும் மவுஸ் ஒன்றைச் செருகுவது. அல்லது போனைச் செருகி சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒரு போர்ட் மட்டும் செத்திருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய செவ்வக வடிவப் போர்ட்டில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடைந்திருக்கிறதா, அதன் மேலுள்ள உலோகத் தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா, பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். டைப் சி போர்ட்டில் பையில் கிடக்கும் நூலும் தூசியும் அடியில் அடைத்துக்கொள்ளும். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்பது அதற்கு அடையாளம். காற்றடிக்கும் டப்பாவாலோ மெல்லிய மரக்குச்சியாலோ மெதுவாக எடுக்கலாம். ஊசி, குண்டூசி, பேப்பர் கிளிப் எதுவும் வேண்டாம். டைப் சி போர்ட்டில் 24 முனைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, ஒரு கீறல் போதும்.

ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் மட்டும் மொத்தமாகச் செத்து, எதிர்ப்பக்கம் நன்றாக இருந்தால் அது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்புண்டு. நிறைய லேப்டாப்புகளில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் தனியாக ஒரு சிறிய போர்டில் இருக்கும். அது பட்டையான ரிப்பன் கேபிள் ஒன்றால் மதர்போர்டோடு இணைந்திருக்கும். லேப்டாப் கீழே விழுந்த பிறகோ, யாராவது திறந்து மூடிய பிறகோ இந்தக் கேபிள் தளர்ந்திருக்கலாம். அந்தச் சிறு போர்டை மாற்றுவது மதர்போர்டில் கைவைப்பதைவிட மிக எளிது.

எல்லாப் போர்ட்டுகளும் ஒரே நேரத்தில் போய்விட்டால், அத்தனையும் ஒன்றாக உடைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஏதாவது ஒரு சாதனத்தில் ஷார்ட் ஆகி, அதிக மின்சாரம் இழுக்கப்பட்டதால் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். 'பவர் சர்ஜ் ஆன் த யுஎஸ்பி போர்ட்' என்று விண்டோஸ் சொன்னால் இதுதான் பொருள். செருகியிருப்பதையெல்லாம் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். பிறகு ஆன் செய்து ஒவ்வொரு சாதனமாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது திரும்பவும் எல்லாம் போகிறதோ, அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அப்போதும் சரியாகவில்லை என்றால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் நுழைந்து, யுஎஸ்பி போர்ட்டுகள் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலக லேப்டாப்புகளில் இப்படிப் பூட்டி வைப்பது சாதாரணம்.

அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லேப்டாப்புக்குத் தெரியவில்லை

போன் விஷயத்தில் அடிக்கடி வருவது இது. மின்சாரம் போகிறது, வருகை பதிவாகவில்லை. முதல் சந்தேகம் கேபிள்மேல்தான் வர வேண்டும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: மின்சாரத்துக்கு இரண்டு, டேட்டாவுக்கு இரண்டு. சில கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது, சார்ஜுக்கென்று மட்டும் செய்தவை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டேட்டா போகிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கேபிளைப் போட்டுப் பார்ப்பதே வழி.

கேபிள் சரி என்றால் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் செருகியதும் 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில்தான் தொடங்கும். திரையின் பூட்டைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன் என்றால் 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்' என்ற கேள்விக்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். பூட்டிய நிலையில் அந்தக் கேள்வியே வராது.

டைப் சி போர்ட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் திறமை ஒன்றல்ல. மானிட்டரையோ டாக்கையோ செருகி ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் போர்ட் படத்தை அனுப்பும் வகைதானா என்று லேப்டாப்பின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத வசதியை எந்த ட்ரைவராலும் கொண்டுவர முடியாது.

அறிகுறி: 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்கிறது விண்டோஸ்

இந்தச் செய்தியைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும், ஆனால் இதில் தகவல் நிறைய இருக்கிறது. ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று லேப்டாப் உணர்ந்துவிட்டது. ஆகவே மின்சாரம் போயிருக்கிறது, டேட்டா கம்பி ஒன்றாவது தொட்டிருக்கிறது. அறிமுகத்தில்தான் கோளாறு.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீழே 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' பகுதியை விரியுங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று ஒன்று இருக்கும். பக்கத்தில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றிருந்தால், லேப்டாப் 'நீ யார்' என்று கேட்டது, பதில் வரவில்லை அல்லது குழறலாக வந்தது என்று பொருள். அதன் பிராப்பர்ட்டீஸில் பெரும்பாலும் கோட் 43 இருக்கும். தான் யாரென்றே சொல்லாத சாதனத்துக்கு எந்த ட்ரைவரைப் போடுவது? அதனால்தான் இந்த நிலையில் ட்ரைவர் தேடி அலைவது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

பதில் குழறுவதற்கு நான் சந்தேகப்படும் வரிசை இது: சரியாகத் தொடாத இணைப்பு அல்லது நைந்த கேபிள், அப்புறம் போதாத மின்சாரம், அப்புறம் லேப்டாப்பில் யுஎஸ்பியைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டது, கடைசியாகச் சாதனத்தின் சிப் பழுதானது. கேபிளையும் போர்ட்டையும் ஏற்கெனவே மாற்றிப் பார்த்திருப்பீர்கள். அடுத்து, மேலே சொன்னபடி சார்ஜரைப் பிடுங்கி 30 நொடி பவர் பட்டனை அழுத்தும் வேலையைச் செய்யுங்கள். சிக்கிய கன்ட்ரோலரை விடுவிக்க ரீஸ்டார்ட்டைவிட இது பலமான வழி, ஏனென்றால் ரீஸ்டார்ட் ஆகும்போது மின்சாரம் முழுதாக நிற்பதில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த 'அன்நோன்' வரியை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். சாதனத்தைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள். இதுவும் பலிக்கவில்லை என்றால் அதே பகுதியிலுள்ள 'யுஎஸ்பி ரூட் ஹப்', 'ஹோஸ்ட் கன்ட்ரோலர்' வரிகளை அன்இன்ஸ்டால் செய்யலாம். ரீஸ்டார்ட்டில் விண்டோஸே அவற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இதைச் செய்த நொடியில் வெளியே செருகிய மவுஸும் கீபோர்டும் நின்றுபோகும். சில லேப்டாப்புகளில் உள்ளிருக்கும் கீபோர்டே யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கும். திறந்திருக்கும் வேலையையெல்லாம் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். எதுவும் நகரவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்தி அணைத்து ஆன் செய்துகொள்ளலாம்.

எல்லாப் போர்ட்டிலும் எல்லாச் சாதனத்துக்கும் கோட் 43 வருகிறது என்றால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே உள்ள சிப்செட் ட்ரைவரையும் பயாஸ் அப்டேட்டையும் பாருங்கள். கோட் 43 வரும்போது ட்ரைவர் தேடலாம் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

வேறு எண்கள் வந்தால்: கோட் 28 என்றால் ட்ரைவர் போடப்படவில்லை. பிரிண்டர், ஸ்கேனர், சீரியல் கன்வெர்ட்டர் போன்றவற்றில் வரும், அந்தச் சாதனத்தைச் செய்தவரின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டால் சரியாகும். கோட் 10 என்றால் சாதனத்தை இயக்கத் தொடங்க முடியவில்லை. கோட் 45 என்றால் அது இப்போது இணைந்தில்லை, பழைய பதிவு மட்டும் இருக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விசாரணை இன்னும் எளிது. டெர்மினலில் 'dmesg' (டிமெசேஜ்) கட்டளையைத் தொடர்ந்து ஓடும்படி வைத்துவிட்டுச் சாதனத்தைச் செருகினால், ஒவ்வொரு படியும் கண்முன்னே வரிவரியாக வரும். டிஸ்கிரிப்டர் படிப்பதில் பிழை மைனஸ் 71 என்று வந்தால் சிக்னல் கெட்டுப்போய் வருகிறது, கேபிளையும் இணைப்பையும் பாருங்கள். மைனஸ் 110 என்றால் காத்திருந்தும் பதில் வரவில்லை. 'ஓவர் கரன்ட்' என்று வந்தால் மின்சாரச் சிக்கல். செருகியும் ஒரு வரிகூட வரவில்லை என்றால் வருகையே பதிவாகவில்லை, இதற்கு முந்தைய இரண்டு பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: செருகியதும் ஒலி வருகிறது, டிவைஸ் மேனேஜரிலும் இருக்கிறது, ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இல்லை

போர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் படி, அதாவது ஃபைல் அமைப்பு அல்லது எழுத்துதான் நின்றிருக்கிறது. நிதானம் மிகவும் தேவைப்படுவது இங்கேதான், ஏனென்றால் டேட்டாவை இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள்.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். உங்கள் பென்டிரைவ் கீழே ஒரு வரியாக இருக்கும். அதில் பார்ட்டிஷன் சரியாகத் தெரிந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது கிளிக் செய்து 'சேஞ்ச் ட்ரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' வழியாக ஒரு எழுத்தைக் கொடுங்கள், முடிந்தது. 'ஆஃப்லைன்' என்றிருந்தால் இடதுபக்கப் பெட்டியில் வலது கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள்.

'ரா' என்றோ 'அன்அலொகேட்டட்' என்றோ காட்டினால், அல்லது 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பெட்டி எழுந்தால், கையை எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் கொடுக்காதீர்கள். இனிஷியலைஸ் கொடுக்காதீர்கள். அந்த ட்ரைவ் மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்யப்பட்டதாக இருக்கலாம். ஏபிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற அமைப்புகளை விண்டோஸ் தானாகப் படிக்காது. உள்ளே ஃபைல்கள் பத்திரமாக இருக்கும்போதே 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். அது உருவான கம்ப்யூட்டரில் முதலில் செருகிப் பாருங்கள். அங்கும் திறக்கவில்லை, உள்ளிருப்பது முக்கியமானது என்றால் அதில் எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். காலிசெய்யத் தயாராக உள்ள பென்டிரைவுக்கு மட்டும் ஃபார்மேட்.

மவுஸ் வேலை செய்கிறது, எந்தப் பென்டிரைவும் வேலை செய்யவில்லை என்றால் அது தடையாக இருக்கலாம். அலுவலக லேப்டாப் என்றால் நிர்வாகியைக் கேளுங்கள், நீங்களாக உடைக்க வேண்டாம். சொந்த லேப்டாப் என்றால் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் 'யுஎஸ்பிஸ்டோர்' (USBSTOR) என்ற சர்வீஸின் 'ஸ்டார்ட்' மதிப்பைப் பாருங்கள். அது 3 ஆக இருக்க வேண்டும். 4 என்றால் யாரோ முடக்கியிருக்கிறார்கள்.

அறிகுறி: வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது

கனெக்டரை லேசாக ஆட்டினால் வந்து போகிறதா? அப்படியானால் போர்ட்டோ கேபிள் முனையோ தளர்ந்துவிட்டது, அதற்கு மேல் தேட வேண்டாம். கையே படாமல் தானாகப் போகிறதென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது மின்சாரச் சிக்கனம். பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் தூங்க வைக்கும். சில சாதனங்கள் சரியாக விழித்துக்கொள்வதில்லை. லேப்டாப்பை ஸ்லீப்பிலிருந்து எழுப்பிய பிறகு மவுஸ் காணாமல் போவதும் இந்த வகைதான். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யுஎஸ்பி ரூட் ஹப்' வரியின் பிராப்பர்ட்டீஸிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்துக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸின் உயர்நிலை அமைப்புகளில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இரண்டாவது போதாத மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையும் கொடுக்கும் என்பது விதி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கின் தட்டு சுழலத் தொடங்கும்போது ஒரு வீச்சில் அதிகமாக இழுக்கும். மின்சாரம் பற்றாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், சுழல ஆரம்பித்து நிற்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் அதைச் செருகியிருந்தால், ஒரே போர்ட்டின் மின்சாரத்தை எல்லாச் சாதனங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. நேராக லேப்டாப்பில் செருகுங்கள், குட்டையான கேபிளைப் போடுங்கள், இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் டிஸ்கே பழுதாகிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்காதீர்கள்.

வயர்லெஸ் மவுஸ் மட்டும் தத்தளித்தால் அதன் ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும், மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பக்கத்துப் போர்ட்டில் 3.0 ஹார்ட் டிஸ்க் காப்பி ஆகிக்கொண்டிருந்தால் மவுஸ் திக்கும். ரிசீவரை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினாலே போதும்.

அறிகுறி: வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

3.0 ட்ரைவ் 2.0 ஆகப் பேசிக்கொண்டிருக்கலாம். 5 கிகாபிட் போக வேண்டிய இடத்தில் 480 மெகாபிட்தான் போகும். செவ்வக வடிவப் பிளக்கில் 3.0-க்கான ஐந்து கூடுதல் முனைகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. மெதுவாகச் செருகினால் முன்னாலுள்ள 2.0 முனைகள் முதலில் தொட்டு, சாதனம் அந்த வேகத்திலேயே அறிமுகமாகிவிடும். பிடுங்கிவிட்டு ஒரே மூச்சில் முழுதாகச் செருகுங்கள். கேபிளும் 3.0 வகையாக இருக்க வேண்டும்.

மேக் லேப்டாப்பில் மட்டும் வரும் ஒன்று

ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்புக்குகளில் மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து, புதிய சாதனத்தைச் செருகினால் 'இந்த ஆக்சஸரியை அனுமதிக்கவா' என்று கேட்கும். கவனிக்காமல் மறுத்துவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. பிடுங்கிச் செருகி, திரும்பக் கேட்கும்போது அனுமதியுங்கள். அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இதை மாற்றவும் செய்யலாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

மென்பொருளா, வன்பொருளா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நடுவிலிருந்து விலக்கிவிட்டுச் சோதியுங்கள். யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சந்தேகமான போர்ட்டில் செருகி, பயாஸ் அமைப்புத் திரைக்குப் போய் அம்புக்குறிகளை அழுத்திப் பாருங்கள். அங்கே நகர்கிறது, விண்டோஸில் நகரவில்லை என்றால் போர்ட் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் பக்கம்தான் பிழை. அண்மையில் அப்டேட் ஏறிய பிறகு வந்த கோளாறு என்றால் அந்த அப்டேட்டை நீக்கியோ, சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய நிலைக்குப் போயோ பாருங்கள். ஒரு போர்ட்டாவது ஒழுங்காக இருந்தால் பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸை (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) ஏற்றி, மற்றப் போர்ட்டுகளையும் அதிலேயே சோதிக்கலாம்.

பயாஸிலும் லினக்ஸிலும் அந்தப் போர்ட் எழவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். போகும்போது 'யுஎஸ்பி வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கத்துப் போர்ட், மின்சாரம் வருகிறதா, பயாஸில் சோதித்தபோது என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். போர்ட் தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். மதர்போர்டிலேயே இருந்தாலும் கனெக்டரை மட்டும் எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கச் சிப் லெவல் வேலை தெரிந்தவரால் முடியும். போர்ட் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது, அல்லது லேப்டாப்பில் தண்ணீர் பட்டிருக்கிறது என்றால் இந்தச் சோதனைகள் எதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.